உயிர் வராத வலது கை

கடைசி அத்தியாயம்

அன்று காலை மலைமேல் திருப்புலி நாட்டில் மழை பெய்துகொண்டிருந்ததா, விட்டுவிட்டிருந்ததா என்று சுஜிதாவால் இன்றுவரை அடித்துச் சொல்ல முடியவில்லை. காரின் கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்ததாக ஒரு நினைவு. பலா மரத்தடியில் ரத்தம் காய்ந்து கறுத்து வெடித்துக் கிடந்ததாக இன்னொரு நினைவு. இரண்டும் ஒரே காலையில் நடந்திருக்க முடியாது. 2004ஆம் வருடத்து ஐப்பசியைப் பற்றி யாராவது கேட்டால் அவள் இரண்டில் ஒன்றைச் சொல்வாள். சொல்லி முடித்ததும் மற்றதுதான் நிஜமோ என்று தோன்றும்.

கல் மட்டும் நிச்சயம். அது அவள் காதோரத்தைக் கிழித்தது. தழும்பு இருக்கிறது.

எறிந்தவன் மாரப்பன். வெட்டுப்பட்டுச் செத்த மணிவண்ணனின் அண்ணன். அவனுக்குப் பின்னால் ஊர் ஆண்களில் பாதிப்பேர் கொடுவாளோடு நின்றார்கள்.

"சின்னுசாமி பொண்டாட்டி கூட்டியாந்த ஆளுங்கதான இவங்க? வந்த வழியே போவச் சொல்லுங்க இன்ஸ்பெக்டர். இல்லீன்னா அந்தக் கொலகாரன் ஊட்டோட சேத்து இவங்க காரையும் கொளுத்திப்போடுவோம்!"

"காரைத் தாராளமாக் கொளுத்துங்கண்ணா," என்றாள் சுஜிதா, காதைப் பொத்திக்கொண்டு. விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. "வளைவுக்கு வளைவு எறங்கித் தள்ளினது நான்தான். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

யாரும் சிரிக்கவில்லை. துப்பறிவாளர் குணசேகரன் தன் கைக்குட்டையை அவளிடம் நீட்டினார். ஒன்றும் பேசவில்லை. அவர் அப்படித்தான். நாமக்கல்லில் போட்டோ ஸ்டுடியோ மாடியிலிருந்த அவருடைய ஆபீஸில் ஒரு முழுப் பகலையும் நாலு வார்த்தையில் முடித்துவிடுவார். மிச்ச வார்த்தைகளைப் பேசத்தான் தனக்குச் சம்பளம் என்பது சுஜிதாவின் கணக்கு.

இன்ஸ்பெக்டர் அவர்களை மரத்தடிக்கு அழைத்துப் போனார். பலா மரத்தின் இடுப்பில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. அதன் இலைகளிலும் ரத்தம் தெறித்திருந்தது.

"கேஸ் சிம்பிள் சார். இந்த மரம் யாருக்குன்னு மணிவண்ணனுக்கும் சின்னுசாமிக்கும் ரொம்ப நாள் பகை. மணிவண்ணன் தன் கொடுவாளை இந்த மரத்துலதான் கொத்தி வச்சிருப்பான். மரம் என்னுதுன்னு காட்டறதுக்கு. முந்தாநாள் பொழுது சாயற நேரம், ரெண்டு பேரும் இங்க மோதியிருக்காங்க. இவன் அவன் மண்டையில போட்டிருக்கான். அவன் இவன் கழுத்துல போட்டிருக்கான். இவன் இங்கயே முடிஞ்சான். அவன் முள்ளுக்குறிச்சி ஆஸ்பத்திரியில நெனவில்லாமக் கெடக்கறான். முழிச்சான்னா கொலைக்கேஸ். முழிக்கலீன்னா எனக்கு வேலையே இல்ல."

"மணிவண்ணன் எப்படிக் கெடந்தான்?" என்று கேட்டார் குணசேகரன்.

"மல்லாக்க. வலது கையில கொடுவாள். அந்தக் கையில ஒரு தீக்கொப்புளம்கூட இருந்துச்சு. அடுப்புல சுட்டிருப்பான் போல."

குணசேகரன் நெடுநேரம் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மௌனத்தில் பல ரகம் உண்டு. பசி மௌனம், கோப மௌனம், கடன்காரன் வந்த மௌனம். இது வேறு. இதற்கு நடுவில் பேசினால் கடித்துவிடுவார் என்று சுஜிதாவுக்குத் தெரியும்.

"வேற என்ன கெடந்துச்சு?"

"அந்தப் பாறை மேல ஒரு துண்டு. குளிருக்குப் போத்திட்டு வந்திருப்பான்."

ஜீப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தார்கள். பச்சைக்கரை போட்ட துண்டு. மடித்தது மடித்தபடியே இருந்தது.

"பிரிச்சுப் பாத்தீங்களா?"

"எதுக்குங்க பிரிக்கணும்? மடிச்சே கெடந்துச்சு, அப்படியே எடுத்துப் போட்டுக்கிட்டோம்."

குணசேகரன் கவரை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். துண்டு நாலாக மடிக்கப்படவில்லை. விசிறி போல மடிப்பு மடிப்பாக அடுக்கி, மேல் மூலை ஒன்றை மட்டும் வெளிப்பக்கம் திருப்பி விட்டிருந்தது. வெளியே எங்கும் கறை இல்லை. இரண்டு மடிப்புகளுக்கு நடுவே, உள்ளே, ரத்தம் தீற்றியிருந்தது.

சுஜிதா எட்டிப் பார்த்தாள். "வெட்டு விழுந்ததுக்கு அப்புறம் மடிச்சிருக்காங்க. கழுத்து அறுந்தவன் துண்டை மடிச்சு வச்சுட்டுத்தான் செத்தான்னா, ரொம்பச் சுத்தக்காரன் பாஸ்."

இன்ஸ்பெக்டரின் முகம் மாறியது.

மணிவண்ணனின் வீட்டு வாசலில் மாரப்பன் மறித்தான். குணசேகரனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, வாயைச் சேர்த்து ஒரு அறை விட்டான். உதடு கிழிந்தது. குணசேகரன் கையைத் தூக்கவில்லை. ரத்தத்தைத் துப்பிவிட்டு, அடுத்த அறைக்குக் காத்திருப்பவர் போல நின்றார். அந்த நிலை மாரப்பனைக் குழப்பிவிட்டது. ஓங்கிய கை பாதியில் நின்றது.

"வுடுங்க மாமா," என்று உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. மணிவண்ணனின் மனைவி சங்கீதா. அழுது அழுது குரல் உடைந்திருந்தது. "என்ன கேக்கறாங்களோ கேட்டுட்டுப் போவட்டும்."

குணசேகரன் கவரை அவள் முன்னால் வைத்தார்.

அவள் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் கட்டிவுட்ட துண்டுங்க. இது எப்படி அவுந்துச்சு?"

"எங்க கட்டிவிட்டீங்க?"

"அவரு வலது கையில. கழுத்தோட சேத்துக் கட்டிவுட்டேன். கைதான் செத்துப்போச்சுங்களே."

சுஜிதா நிமிர்ந்தாள். "செத்துப்போச்சுன்னா?"

"மிளகு ஏணியில இருந்து வுழுந்து அந்தக் கை ஒடிஞ்சு கம்பி வச்சிருந்தாங்க. முந்தாநாள் காலையில முள்ளுக்குறிச்சியில கம்பிய எடுத்தாங்க. கையை மட்டும் மரத்துப்போக வைக்கறோம்னு கழுத்தோரத்துல ஊசி போட்டாங்க. கை கட்டை மாதிரி ஆயிருச்சு. அன்னைக்கே ஊட்டுக்குப் போவச் சொல்லிட்டாங்க. பஸ்ஸுல வளைவுக்கு வளைவு தூங்கித் தூங்கி எம்மேல வுழுந்தாரு."

"சாயங்காலம் கை சரியாயிருச்சா?"

"எங்கீங்க? பொழுதோட களி கிண்டிட்டிருந்தேன். பக்கத்துல குந்தியிருந்தாரு. கை நழுவிப் பானை மேல பட்டிருக்குது. தோல் கருகற நாத்தம் எனக்குத்தான் மொதல்ல வந்துச்சு. அவருக்குத் தெரியவே இல்ல. நான் கத்தறேன், அவரு சிரிக்கறாரு. இது யாரு கையோ புள்ள, நம்மூட்டுக்குக் களி திங்க வந்திருக்குதுங்கறாரு." அவள் முந்தானையைக் கடித்துக்கொண்டாள். "அப்புறந்தான் துண்டுல கட்டிவுட்டேன். களிகூட ஆறல. வெளிய யாரோ சீட்டியடிச்சாங்க. சின்னுசாமியாத்தான் இருக்கும், பேசிட்டு வாரேன்னு எந்திரிச்சுப் போனாரு."

"இதைப் போலீஸ்ல ஏம்மா சொல்லல?"

"கேட்டாத்தானுங்க சொல்ல? சின்னுசாமிக்கும் உங்களுக்கும் பகையான்னாங்க. ஆமான்னேன். எழுதிட்டுப் போயிட்டாங்க."

குணசேகரன் எழுந்திருக்கவில்லை. அவள் இன்னும் ஏதோ சொல்லப்போகிறாள் என்பது போல உட்கார்ந்திருந்தார். அடுப்பில் சாம்பல் சரிந்தது. கடைசியில் அவள்தான் பேசினாள்.

"ஆஸ்பத்திரியில எதையோ பாத்தாராம். ஆபரேசன் மேசையில கெடக்கும்போது. கனவா நெசமான்னு தெரியல புள்ள, மறுக்கா கீழ போயி டாக்டரம்மாகிட்டக் கேட்டாத்தான் ஆச்சுன்னு பொலம்பிட்டே இருந்தாரு."

வாசலில் மாரப்பன் நின்றுகொண்டிருந்தான். கையிலிருந்த கொடுவாள் தாழ்ந்திருந்தது.

"அப்ப, செத்த கையில கொடுவாளக் குடுத்தது எவனுங்க?" என்றான்.

"அந்த ஆள் கிடைக்கறவரைக்கும் சின்னுசாமி வீட்டுக்குத் தீ வைக்காம இருப்பீங்களா?" என்று கேட்டார் குணசேகரன்.

மாரப்பன் கொடுவாளை வாசற்படியில் கொத்தி நிறுத்திவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

மலைப்பாதையின் எழுபது வளைவுகளையும் இறங்கி, அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு முள்ளுக்குறிச்சி போய்ச் சேரும்வரை சுஜிதா மட்டுமே பேசினாள்.

"டாக்டரம்மாதான் பாஸ். மேசையில கெடந்தவன் எதையோ பாத்துட்டான். அந்தம்மா தூக்கத்துக்கு எதையோ சேத்துப் போட்டு அனுப்பியிருக்கு. மயங்கின கோழிய அறுக்கறது சுலபம். சரியா? சரின்னா ஹார்ன் அடிங்க, தப்புன்னா பிரேக் அடிங்க."

அவர் இரண்டையும் அடிக்கவில்லை.

ஆஸ்பத்திரி சிறியது. தலையில் கட்டோடு சின்னுசாமி கடைசி அறையில் கிடந்தான். இவர்களைக் கூட்டிவர நாமக்கல் போய்வந்த நேரம் தவிர, அவன் மனைவி அத்தாயி இரண்டு நாளாக அந்த அறை வாசலை விட்டு நகரவில்லை. சுஜிதாவைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு, எம்புருசன் எறும்பைக்கூட ஏசிட்டுத்தான் வுடுவானே தவிர மிதிக்கமாட்டான். முழிச்சதும் வெலங்கு போடுவாங்களாமா?"

"முழிக்கட்டும்மா. வெலங்கை நான் ஒளிச்சு வச்சுடறேன்."

மயக்க மருந்து டாக்டர் நாகலட்சுமிக்கு நாற்பது வயதிருக்கும். குணசேகரன் எதையும் கேட்பதற்கு முன்பே அவர் பேச ஆரம்பித்துவிட்டார். அதற்காகவே யாராவது வரமாட்டார்களா என்று உட்கார்ந்திருந்தவர் போல.

"சேத்துப் போட்டது நான்தான். மரத்துப்போற மருந்து மட்டும் போட்டா, காலையில போட்டது பொழுது சாயும்போது விட்டுடும். கைக்கு உயிர் வரும், கூடவே வலியும் வரும். அந்த நேரத்துல அவர் மலைமேல இருப்பார். அங்க யார் வலிக்கு ஊசி போடுவா? அதான் கொஞ்சம் குளோனிடின் சேத்தேன். ரத்த அழுத்தத்துக்குக் குடுக்கற மருந்து, தூக்கமும் வரவைக்கும். நரம்போரமாச் சேத்துப் போட்டா மரப்பு நடுராத்திரி வரைக்கும் நிக்கும். ஒரு ராத்திரியாவது வலியில்லாமத் தூங்கட்டும்னு நெனச்சேன்." கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். "வெட்ட வந்தவனைத் தடுக்க அந்தக் கை எழுந்திருக்காது. நானே கட்டிப்போட்டுக் குடுத்த மாதிரி ஆயிடுச்சு."

"வீட்டுக்காரங்ககிட்ட ஏன் சொல்லல?" சுஜிதாவின் குரலில் கேலி இல்லை. "இங்க இருக்கறவங்ககிட்டயாவது சொன்னீங்களா?"

"யார்கிட்டயும் சொல்லல. சொல்லியிருக்கணும். ஆனா இங்க அலமாரியில தூக்க மருந்து எதை வச்சாலும் காணாமப் போகுது. யாருன்னு தெரியல. அதனால இதை மட்டும் என் கைப்பையில வச்சிருந்தேன். திரும்பி நின்னு நானே ஊசியில ஏத்தினேன்."

மேசைமேல் கிடந்த கைப்பையைத் திறந்து காட்டினார். சீப்பு, சாவிக்கொத்து, பஞ்சில் சுற்றிய இரண்டு கண்ணாடிக் குப்பிகள்.

மின்விசிறி கிரீச்சிட்டது. குணசேகரனின் பார்வை டாக்டர்மேல் இல்லை. பாதி திறந்த கதவு வழியே பக்கத்து அறையில் ஒரு எவர்சில்வர் டிரம்மும், அதற்குள் அடுக்கிய பச்சைத் துணிகளும் தெரிந்தன. அவர் எழுந்து போய், ஒரு துணியை எடுத்து வந்து, பிளாஸ்டிக் கவருக்குப் பக்கத்தில் வைத்தார்.

விசிறி மடிப்பு. மேல் மூலை ஒன்று மட்டும் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது.

"இதை ஏன் இப்படி மடிக்கறீங்க?"

"ஆபரேசன்ல துணியை நிறைய தொடக்கூடாது. அந்த மூலையைப் புடிச்சுத் தூக்கினா தானா விரியும். எங்க சசிகுமார் எதை எடுத்தாலும் இப்படித்தான் மடிப்பான், சாப்பிட்டுக் கை தொடைக்கற துண்டுகூட. ஆபரேசன் தியேட்டர் அசிஸ்டென்ட். மலைக்காரப் பையன், திருப்புலி நாட்டுப்பக்கம்தான்..."

டாக்டர் பாதியில் நிறுத்தினார்.

"இப்ப எங்க இருக்கான்?"

"சின்னுசாமி ரூம்ல. இன்னைக்கு அந்த டியூட்டி எனக்குக் குடுங்கன்னு அவனே கேட்டு..."

நாற்காலி கவிழ்ந்த சத்தம் கேட்டபோது சுஜிதா கதவைத் தாண்டியிருந்தாள்.

அத்தாயி பிளாஸ்க்கோடு வராந்தாவில் நின்றாள். "தம்பி ஊசி போடறேன்னு என்னைய வெளிய நிக்கச் சொல்லுச்சு கண்ணு."

அறை உள்ளே தாழிட்டிருந்தது. குணசேகரன் இரண்டு உதை விட்டார். தாழ் பெயர்ந்து கதவு சுவரில் மோதியது.

கட்டிலருகே வெள்ளை உடுப்பில் ஒல்லியாக ஒருவன் நின்றுகொண்டிருந்தான். கையிலிருந்த ஊசியின் முனை சின்னுசாமிக்கு ஏறும் குளுக்கோஸ் குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. கட்டைவிரல் அழுத்தப் போனது.

குணசேகரன் பாய்ந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தார். சசிகுமார் கத்தவில்லை, மிரளவில்லை. இடது கையால் தட்டிலிருந்த கத்தரியை எடுத்து, மாட்டுக்கு மூக்கணாங்கயிறு குத்துகிறவன் போல நிதானமாக, குணசேகரனின் இடது உள்ளங்கையில் இறக்கினான். முனை மறுபக்கம் வந்தது.

சுஜிதா குளுக்கோஸ் ஸ்டாண்டைப் பிடுங்கி அவன் முழங்காலில் வீசினாள். எலும்பு முறியும் சத்தம் பச்சை மூங்கில் பிளப்பதுபோலக் கேட்டது. விழுந்துகொண்டே சசிகுமார் அவள் கூந்தலைப் பிடித்து இழுத்துத் தலையைக் கட்டில் விளிம்பில் மோதினான். அவள் கண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாக என்னவோ வெடித்தது. இரண்டாவது முறை மோத அவன் அவள் தலையைப் பின்னுக்கு இழுத்தபோது, மேலே அத்தாயியின் முகம் தெரிந்தது.

அத்தாயி பிளாஸ்க்கைத் திறக்கவில்லை. அப்படியே அவன் முகத்தில் இறக்கினாள். உள்கண்ணாடி உடைந்து, கொதிக்கிற டீயும் சில்லுகளும் அவன் கண்ணிலும் வாயிலும் கொட்டின. அப்போதுதான் சசிகுமார் முதல்முறையாகக் கத்தினான்.

"எம்புருசனையாடா?" என்று அவள் மறுபடி அடித்தாள். "எம்புருசனையாடா? எம்புருசனையாடா?"

மூன்று பேர் சேர்ந்துதான் அவளை விலக்க முடிந்தது. ஊசி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. மருந்து ஒரு சொட்டுக்கூடக் குறைந்திருக்கவில்லை.

பின்னாலேயே ஜீப்பில் வந்து இறங்கிய இன்ஸ்பெக்டர் அவன் கையை ஜன்னல் கம்பியோடு விலங்கிட்டார். சசிகுமார் ஒரு கண்ணால் மட்டும் பார்த்தான். "நான் ஊசி போட வந்தேன். அவ்வளவுதான். மலையில அவங்க ரெண்டு பேரும் வெட்டிக்கிட்டதுக்கும் எனக்கும் என்னங்க சம்பந்தம்?"

கத்தரி செருகிய கையை மடியில் வைத்துக்கொண்டு குணசேகரன் தரையில் உட்கார்ந்திருந்தார். அன்று அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"மணிவண்ணன் கை துண்டுல கட்டியிருந்தது. கட்டின கைய ஊர்க்காரன் பாத்திருந்தா, கொடுவாளை இடது கையில வச்சிருப்பான். நீ துண்டை அவுத்து, அதே கையில வச்ச. கட்டியிருந்தாலும் அந்தக் கை வேலை செய்யும்னு உனக்கு அவ்வளவு நிச்சயம். அப்படி நிச்சயமா இருக்கறவன் ஆஸ்பத்திரிக்காரனாத்தான் இருக்கணும். அவுத்த துண்டைச் சும்மா வீசியிருந்தாக்கூட நான் இங்க வந்திருக்கமாட்டேன். உன் கை சும்மா இருக்கல. மடிச்சு வச்சுருச்சு."

"அந்தக் கைக்குப் பொழுதோட உசுரு வந்திருக்கணும்!" சசிகுமார் கத்தினான். முகத்திலிருந்து ரத்தம் சிதறியது. "நான் பாக்காத ஊசியா? பொழுதோட வந்திருக்கணும்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குப் புரிந்தது.

வாசலில் டாக்டர் நாகலட்சுமி நின்றிருந்தார். கைப்பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"வந்திருக்கணும்தான். நான் வரவிடல," என்றார். "மருந்தை உனக்குத் தெரியற எடத்துல வச்சிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும். நீ திருடினதாலதான் நான் ஒளிச்சேன்."

கட்டிலில் சின்னுசாமி மூச்சு விடுவது மட்டும் கேட்டது. பிறகு சசிகுமார் ஒவ்வொன்றாகச் சொன்னான். தூக்க மருந்துக் குப்பிகளைத் திருடி, மலையில் சாராயம் காய்ச்சுபவர்களுக்கு விற்றிருக்கிறான். போதை ஏறச் சாராயத்தில் கலப்பார்களாம். அன்று குப்பியை மடியில் செருகும்போது மேசையில் கிடந்த மணிவண்ணன் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டான். பகையாளி இருவரையும் தனித்தனியே சீட்டியடித்து மரத்தடிக்கு வரவழைத்து, முதலில் வந்த சின்னுசாமியை மரத்தில் கொத்தியிருந்த கொடுவாளால் பின்னாலிருந்து வெட்டினான். அவன் செத்துவிட்டான் என்று நினைத்து, அவனுடைய கொடுவாளால் மணிவண்ணனை வெட்டினான்.

"கனவோ என்னமோன்னுதானே நெனச்சிருந்தான் அந்த மனுசன்," என்றாள் சுஜிதா. "நீ விட்டிருந்தா ரெண்டு நாள்ல மறந்திருப்பான்."

சசிகுமார் திறந்திருந்த ஒற்றைக் கண்ணையும் மூடிக்கொண்டான்.

டாக்டர் குணசேகரனின் கையைப் பிடித்துப் பார்த்தார். "தையல் போடணும். கழுத்தோரத்துல ஊசி போட்டுக் கைய மரக்க வைக்கறேன். அந்த மருந்தும் சேக்கட்டுமா? தூக்கம் வரும், பேச்சுக் கொஞ்சம் கொறையும்."

"தாராளமாச் சேருங்க டாக்டர்," என்றாள் சுஜிதா, வீங்கிய நெற்றியில் ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு. "இவருக்குப் பேச்சுக் கொறைஞ்சா யாருக்குத் தெரியப்போகுது?"

குணசேகரன் சிரித்தாரா என்று அவளுக்கு நினைவில்லை. சிரித்ததாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சசிகுமாருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஒரு கண் பார்வை திரும்பவில்லை. சின்னுசாமி நான்காம் நாள் விழித்தான். அந்தச் சாயங்காலம் அவனுக்கு இன்றுவரை ஞாபகம் வரவில்லை. அத்தாயி ஆஸ்பத்திரிக்கு ஒரு புது பிளாஸ்க் வாங்கிக் கொடுத்தாள். மாரப்பன் பலா மரத்தை வேரோடு வெட்டிச் சாய்த்தான், சின்னுசாமி குறுக்கே வரவில்லை. கோர்ட்டில் வழக்கு முடிந்ததும் சங்கீதா துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மடிப்பை உதறிவிட்டு எடுத்துப் போனாள். டாக்டர் நாகலட்சுமி அந்த மருந்தைத் தொடர்ந்து சேர்த்துப் போட்டார். ஆனால் ஒவ்வொரு முறையும் வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, கை எவ்வளவு நேரம் செத்திருக்கும் என்று சொல்லி அனுப்பினார். சுஜிதா சம்பள உயர்வு கேட்டாள், கிடைக்கவில்லை. குணசேகரனின் இடது கையில் இரண்டு விரல்களுக்கு உணர்ச்சி வரவேயில்லை. சூடு தெரியாது என்பதால் டீ கிளாஸை அவர் வலது கையால்தான் பிடிக்கிறார்.